உங்கள் பெயரை எந்திரம் வைக்கலாமா?

என் தங்கைக்கு வேலை கிடைத்தது.

கணக்கு எழுதும் வேலை. நல்ல கம்பெனி. நல்ல சம்பளம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

முதல் நாள் ஆபீசில், "உங்களுக்கு இ-மெயில் விலாசம் தானாகவே வந்துவிடும்" என்று சொன்னார்கள். சம்பளச் சீட்டு, லீவு அனுமதி, மேலதிகாரியின் உத்தரவு எல்லாம் அந்த விலாசத்துக்குத்தான் வரும்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

வந்த விலாசத்தைப் பார்த்ததும் தங்கையின் முகம் வாடிவிட்டது.

அவள் பெயர் செல்வி. எங்கள் தந்தையின் பெயர் ராமசாமி. விலாசத்தில் முன்னால் நின்றது "ராமசாமி". பிறகு ஒரு புள்ளி. அதற்குப் பிறகுதான் "செல்வி".

அன்று மாலை வந்த முதல் கடிதம், "அன்புள்ள ராமசாமி" என்று தொடங்கியது.

எங்கள் தந்தை காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

"இந்தப் பெயரை வைத்தது யார்?" என்று தங்கை கேட்டாள். "யாரும் வைக்கவில்லை அம்மா, எந்திரம் வைத்தது" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்திரம் தானாகப் பெயர் வைப்பதில்லை. ஒருவர் விதி எழுதுகிறார். இன்னொருவர் கட்டத்தை நிரப்புகிறார். எந்திரம் அந்த இரண்டையும் சேர்த்து ஒட்டுகிறது. அவ்வளவுதான்!

தவறு எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதைத் திருத்துவது எளிது. கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். உங்கள் மகனோ மகளோ நாளைக்கு ஒரு வேலையில் சேரும்போது இதே தொல்லை வரலாம். அதனால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலாசம் பிறந்த கதை

இ-மெயில் விலாசத்தின் நடுவில் ஒரு சுழிக் குறி இருக்கிறது. "@" என்று எழுதுவார்கள். "அட்" என்று படிப்பார்கள்.

இந்தக் குறியை விலாசத்தில் வைத்தவர், ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர். 1971-ம் ஆண்டு அவர் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார். ஆளின் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டும் அல்லவா? பெயர்களில் வராத குறியாக இதைத் தேர்ந்து எடுத்தார். 2016-ம் ஆண்டு அவர் மறைந்தார். குறி நிலைத்துவிட்டது.

குறிக்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது ஊரின் பெயர் மாதிரி. அதாவது, கம்பெனியின் பெயர்.

கடிதம் போகும் முறைக்கு 1982-ம் ஆண்டு சட்டதிட்டம் எழுதினார்கள். அதை எழுதியவர் ஜான் போஸ்டல். இன்றும் உலகத்துத் தபால் அந்த முறையை ஒட்டித்தான் ஓடுகிறது.

அந்தச் சட்டதிட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சாதாரணமாக எழுதும் விலாசத்தில் ஆளின் பெயர் புள்ளியில் தொடங்கக் கூடாது. புள்ளியில் முடியவும் கூடாது. இரண்டு புள்ளிகள் அடுத்து அடுத்து வரவும் கூடாது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலைக்கு உதவும்.

தபால் ஆபீசும் பேரேடும்

எனக்குத் தெரிந்த ஒருவர், பெரிய ஆபீசுகளின் இ-மெயில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். இருபது ஆண்டு அனுபவம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"சார், இதை ஒரு தபால் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர்.

ஆபீசில் "மெயில் சர்வர்" என்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதுதான் தபால் ஆபீஸ். வரும் கடிதத்தை அவரவர் பெட்டியில் போடும். போகும் கடிதத்தை வெளியே அனுப்பும்.

அதன் பக்கத்தில் ஒரு பேரேடு இருக்கும். ஊழியர்களின் பெயர், பிரிவு, பதவி எல்லாம் அதில் பதிவாகும். பெயருக்கு மட்டும் பல கட்டங்கள். முதல் பெயர் ஒரு கட்டம். கடைசிப் பெயர் ஒரு கட்டம். திரையில் காட்டும் பெயர் ஒரு கட்டம். சுருக்கப் பெயர் ஒரு கட்டம்.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் "எக்ஸ்சேஞ்ச்" என்ற மெயில் சர்வரைப் பல ஆபீசுகளில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வசதி உண்டு. விலாசம் எப்படி அமைய வேண்டும் என்று ஒரு முறை விதி எழுதி வைத்துவிடலாம். "முதல் பெயர், புள்ளி, கடைசிப் பெயர்" என்று எழுதினால், புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதே மாதிரி விலாசம் பிறக்கும்.

ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஆபீசில், ஆளுக்கு ஒரு விலாசம் கையால் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. ஆகவே விதி நல்லதுதான். அதை நான் குறை சொல்லவில்லை.

விலாசம் வராமல் போவது ஏன்?

"வருகிறது வருகிறது என்றார்கள், மூன்று நாள் வரவில்லையே, அது ஏன்?" என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார்.

முதல் காரணம்: பேரேட்டில் ஆளைச் சேர்த்திருப்பார்கள். ஆனால் தபால் பெட்டி திறந்திருக்க மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. பெயர் பதிவானதாலேயே பெட்டி வந்துவிடாது. பெட்டி இல்லாதவருக்கு விதி எப்படி விலாசம் கொடுக்கும்?

(என் தங்கை விஷயத்தில் நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது.)

இரண்டாவது காரணம்: ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. "விதிப்படி விலாசத்தைத் தானாக மாற்று" என்பது அதன் பொருள். அதில் குறி போட்டிருந்தால்தான் விதி அவரைத் தொடும். யாராவது அந்தக் குறியை எடுத்திருந்தால், நூறு விதி எழுதினாலும் அவர் விலாசம் அசையாது.

மூன்றாவது காரணம்: ஒரே ஆபீசில் பல விதிகள் இருக்கும். விற்பனைப் பிரிவுக்கு ஒன்று. தொழிற்சாலைக்கு ஒன்று. ஒன்றுக்கும் பொருந்தாதவர்களுக்கு ஒரு பொது விதி. எந்திரம் முதல் விதியில் இருந்து பார்த்துக்கொண்டு வரும். எது முதலில் பொருந்துகிறதோ அதை மட்டும் செய்யும். பிரிவின் பெயரைப் பேரேட்டில் ஓர் எழுத்துத் தவறாக எழுதியிருந்தால் போதும். அந்தப் பிரிவின் விதி அவருக்குப் பொருந்தாது. பொது விதியில் போய் விழுவார்.

நான்காவது காரணம்: விதியை எழுதுவது ஒரு வேலை. பழைய ஆட்களுக்கும் அதைச் செயல்படுத்து என்று உத்தரவு கொடுப்பது இன்னொரு வேலை. எழுதிவிட்டு உத்தரவு கொடுக்க மறந்துவிட்டால், பழைய விலாசமே நிற்கும்.

ஐந்தாவது காரணம்: கம்பெனி பெயர் மாறியிருக்கும். புதுப் பெயரை, "இதுவும் நம்முடைய பெயர்தான், இதற்கு வரும் கடிதத்தை வாங்கு" என்று தபால் ஆபீசுக்கு முதலில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த கடிதத்தை வீட்டுக்காரரே வாசலில் நின்று திருப்பி அனுப்பிய கதையாகிவிடும்.

ஆறாவது காரணம்: சில ஆபீசுகளில் பேரேடு ஆபீசில் இருக்கும். தபால் பெட்டி மைக்ரோசாப்ட் கம்பெனியின் கம்ப்யூட்டரில், வெளியே இருக்கும். இங்கே எழுதியது அங்கே போய்ச் சேர வேண்டும். சாதாரணமாக அரை மணிக்கு ஒரு முறைதான் போகும். அதற்குள் "வரவில்லை, வரவில்லை" என்று பதறிப் பயன் இல்லை.

ஓடி அலைந்த ஊழியன்

"இப்போதாவது பரவாயில்லை சார். அந்தக் காலத்தில் இதைவிடக் கஷ்டம்" என்றார் அவர்.

எக்ஸ்சேஞ்சின் 2000, 2003-ம் ஆண்டுப் பதிப்புகளில் வேறு ஏற்பாடு இருந்தது. ஆளைச் சேர்த்தவுடன் விலாசம் வராது. பின்னணியில் ஒரு வேலைக்காரன் மாதிரி ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். அது பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும். விலாசம் இல்லாத புது ஆள் யார் என்று கண்டுபிடித்து, விலாசம் எழுதிவிட்டுப் போகும்.

அந்த வேலைக்காரன் எந்தக் கம்ப்யூட்டரில் போய்ப் பேரேட்டைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று எடுத்துவிடுவார்கள். வேலைக்காரனிடம் சொல்ல மறந்துவிடுவார்கள். அவன் இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பான்!

பழைய ஊழியர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. கடிதம் வரும், போகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் விலாசம் வராது. "புது ஆள் மேல்தான் ஏதோ கோளாறு" என்று எல்லோரும் நினைப்பார்கள். கோளாறு எங்கோ இருக்கும்.

2007-ம் ஆண்டுப் பதிப்பில் இந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். இப்போது தபால் பெட்டியைத் திறக்கும்போதே விலாசமும் பிறந்துவிடுகிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எந்திரம் நின்றுபோனால், கடைசியாக மனிதர்கள் எதை மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

வந்த விலாசம் தவறாக இருந்தால்?

விலாசம் வராவிட்டால் எல்லோருக்கும் தெரியும். உடனே ஓடுவார்கள். சரி செய்வார்கள்.

விலாசம் தவறாக வந்தால்? ஒருவரும் கவலைப்படுவது இல்லை! "கடிதம் வருகிறது அல்லவா, விடு" என்கிறார்கள். இதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற வழக்கம் ஆங்கிலேயர்களுடையது. தன் பெயர் முதலில். குடும்பப் பெயர் கடைசியில். அவர்களுக்கு அது பொருந்தும்.

நமக்கு? நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக முன்னால் போடுகிறோம். "ரா. செல்வி" என்று எழுதினால், பெயர் "செல்வி" என்பது நமக்குத் தெரியும். கட்டத்துக்குத் தெரியுமா?

என் தங்கையின் படிவத்தில், "இனிஷியலை விரித்து எழுதவும்" என்று இருந்தது. அவள் "ராமசாமி செல்வி" என்று எழுதினாள். படிவத்தைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றியவர், முன்னால் இருந்ததை முதல் பெயர்க் கட்டத்தில் போட்டார். பின்னால் இருந்ததைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டார்.

யார் மேல் குற்றம்? தங்கை எழுதியதில் பொய் இல்லை. ஏற்றியவர் செய்ததிலும் வஞ்சகம் இல்லை. ஆனால் முடிவில் ஒரு பெண்ணின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

இனிஷியலை விரிக்காமல் எழுதுகிறவர்களுக்கு வேறு தொல்லை. நாம் இனிஷியலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். கடைசிப் பெயர்க் கட்டத்தில் "ரா" என்று எழுதி ஒரு புள்ளியும் வைத்துவிட்டால், விலாசம் புள்ளியில் முடிந்துவிடும். புள்ளியில் முடியக் கூடாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் புள்ளியை நீக்க ஏற்பாடு இல்லாவிட்டால், அப்படிப் பிறந்த விலாசம் செல்லாது. ஒரு சிறு புள்ளி, ஒரு மனிதனின் கடிதத்தை எல்லாம் நிறுத்திவிடும்!

கடைசிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் விதி நினைத்தபடி விலாசம் அமையாது.

நமக்கு மட்டும்தானா?

"இது தமிழர்களின் பெயர் வழக்கத்தில் உள்ள கோளாறு" என்று சிலர் சொல்லுவார்கள். அது சரி அல்ல.

இந்தோனேசியாவில் ஒரே ஒரு பெயரோடு வாழ்கிறவர்கள் ஏராளம். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி சுகர்ணோ. அடுத்த ஜனாதிபதி சுகார்த்தோ. இருவருக்கும் ஒரே பெயர்தான். கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது.

ஐஸ்லாந்து நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. "இன்னாரின் மகன்", "இன்னாரின் மகள்" என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். நம்மைப் போலவே! அங்கே டெலிபோன் புத்தகத்தில்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் பெயர்களை அச்சிட்டு வந்தார்கள்.

சீனாவிலும் கொரியாவிலும் குடும்பப் பெயர் முன்னால் வரும். சொந்தப் பெயர் பின்னால் வரும். ஸ்பெயின் நாட்டில் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர்கள்.

இத்தனை பேரும் தவறாகவா பெயர் வைத்துக்கொண்டார்கள்? இல்லை. இரண்டு கட்டங்களில் உலகத்தை அடைக்கப் பார்க்கிறார்கள். அதுதான் தவறு.

ஒரே பெயரில் இருவர்

பெயர் முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன, அதற்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம்.

சொல்லுகிறேன், கேளுங்கள்.

ஓர் ஆபீசில் முருகன் என்று ஒருவர் இருக்கிறார். இன்னொரு முருகன் வந்து சேருகிறார். இருவருக்கும் ஒரே இனிஷியல். ஒரே விலாசத்தை இருவருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே எந்திரம் இரண்டாவது முருகனுக்குப் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துக் கொடுத்துவிடும்.

எந்திரத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. மனிதனுக்கு அப்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

கடிதம் எழுதுகிறவர் எண்ணை மறந்துவிடுவார். இரண்டாவது முருகனின் சம்பளக் கணக்கு முதல் முருகனுக்குப் போகும். வைத்தியச் செலவுச் சீட்டு போகும். மேலதிகாரியின் கண்டிப்புக் கடிதமும் போகும். கடிதம் திரும்பி வராது. ஏனென்றால், அந்த விலாசம் இருக்கிறதே! தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. "பதில் போடாத ஆள்" என்ற கெட்ட பெயர் மட்டும் இரண்டாவது முருகனுக்கு மிஞ்சும்.

இன்னும் ஒன்று. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய விலாசம் காலி ஆகிறது. பிறகு அதே பெயரில் புது ஆள் வருகிறார். எந்திரம் அந்த விலாசத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறது. பழைய ஆளுக்கு வரும் கடிதம் எல்லாம் இப்போது புது ஆளுக்கு வரும்! பாங்கியில் இருந்து வரும் ரகசியச் சொல்லாக இருந்தால் என்ன ஆகும்?

இது கற்பனை அல்ல. 2013-ம் ஆண்டு யாஹூ கம்பெனி, வெகு நாளாகப் பயன்படுத்தாத விலாசங்களை எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. பழையவர்களின் சொந்தக் கடிதங்கள் தங்களுக்கு வருவதாகப் புதியவர்களில் சிலர் வெளியே சொன்னார்கள். "இது என் கடிதம் அல்ல" என்று சொல்ல ஒரு பித்தானே வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஆபீசுகளுக்கு நான் சொல்லுவது இதுதான்: போனவரின் விலாசத்தை உடனே அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பெயர் பொருந்துகிறது என்பதால் ஆள் பொருந்திவிட மாட்டார்.

ஒரே ஒரு கேள்வி

"பத்தாயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க முடியுமா?" என்று ஆபீஸ்காரர்கள் கேட்பார்கள்.

கூப்பிட வேண்டாம். படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

"உங்களை எந்தப் பெயரில் அழைக்க வேண்டும்? ஆங்கிலத்தில் அதை எந்த எழுத்துகளில் எழுதுவீர்கள்?"

இவ்வளவுதான்!

எழுத்துகளையும் ஏன் கேட்க வேண்டும்? "ழ" என்ற எழுத்தை ஆங்கிலத்தில் ஒருவர் "இசட்-எச்" போட்டு எழுதுவார். இன்னொருவர் "எல்" போட்டு எழுதுவார். செந்தில் என்ற பெயரில் ஒருவர் "எச்" சேர்ப்பார். ஒருவர் சேர்க்கமாட்டார். சர்ட்டிபிகேட்டில் ஒரு மாதிரி, விலாசத்தில் வேறு மாதிரி இருந்தால் நாளைக்கு வில்லங்கம் அவருக்குத்தான்.

அவர் எழுதிக் கொடுத்த பெயரைப் பேரேட்டில் சுருக்கப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டும். "சுருக்கப் பெயரை வைத்து விலாசம் அமை" என்று விதி எழுத வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இதற்கு வசதி இருக்கிறது. எந்திரம் வழக்கம்போல வேலை செய்யும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் மட்டும், எண்ணைப் போடுவதற்கு முன்னால் ஆளைக் கேட்க வேண்டும். தாயார் பெயரின் முதல் எழுத்தையோ, ஊர்ப் பெயரையோ சேர்த்துக்கொள்ள அவர் விரும்பலாம். எண்ணைவிட அது நினைவில் நிற்கும்.

"ஒரு முறை வந்த விலாசத்தை மாற்ற முடியாது" என்று சில இடங்களில் கையை விரிக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். ஒரு பெட்டிக்குப் பல விலாசங்கள் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றுதான் முதன்மை விலாசம். நீங்கள் அனுப்பும் கடிதத்தில் தெரிவது அதுதான். முதன்மை விலாசத்தை மாற்றினாலும், பழையதை இரண்டாவது விலாசமாக வைத்துக்கொள்ளலாம். பழைய விலாசத்துக்கு எழுதுகிறவர்களின் கடிதமும் உங்களுக்கே வந்து சேரும்.

வேலைக்குச் சேருகிறவர்கள் கவனிக்க!

முதலில், படிவத்தில் எந்தக் கட்டத்தில் சொந்தப் பெயர், எந்தக் கட்டத்தில் தந்தை பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடைசிக் கட்டத்தில் இனிஷியலை எழுத நேர்ந்தால், பக்கத்தில் புள்ளி வைக்காதீர்கள்.

விலாசம் வந்ததும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். அச்சடித்த விசிட்டிங் கார்டு வந்த பிறகு மாற்றச் சொன்னால் எல்லோருக்கும் எரிச்சல்.

அடுத்து, வெளியில் இருக்கும் உங்கள் சொந்த விலாசத்தில் இருந்து ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அங்கே இருந்து பதில் போடுங்கள். இரண்டும் வந்தால் சரி.

கடிதம் திரும்பி வந்தால், அதில் ஓர் எண் இருக்கும். அதை அழிக்காமல் கம்ப்யூட்டர் பிரிவில் காட்டுங்கள். 5.1.1 என்று இருந்தால், அப்படி ஒரு விலாசமே இல்லை என்று பொருள். 5.2.2 என்று இருந்தால், பெட்டி நிரம்பிவிட்டது. 5.7.1 என்று இருந்தால், வாங்க அனுமதி மறுத்திருக்கிறார்கள். நோயாளி "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? எங்கே வலி என்று சொன்னால்தான் மருந்து கொடுக்க முடியும்.

ஒரு நாள் ஆகியும் விலாசம் வராவிட்டால் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பெட்டி திறந்தாகிவிட்டதா? என் கணக்கில் தானாக மாற்றும் கட்டத்தில் குறி இருக்கிறதா? எந்த விதி எனக்குப் பொருந்துகிறது? பேரேட்டில் என் பெயரும் பிரிவும் சரியாக இருக்கின்றனவா? கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் கேட்கக்கூடிய கேள்விகள்தான் இவை.

தமிழிலேயே விலாசம்?

ஆங்கில எழுத்துத் தொல்லையே வேண்டாம், தமிழிலேயே விலாசம் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள்.

வைக்கலாம். எல்லா மொழி எழுத்துகளிலும் இ-மெயில் விலாசம் எழுத 2012-ம் ஆண்டே சட்டதிட்டம் வந்துவிட்டது. ஆனால் அனுப்பும் எந்திரம், வாங்கும் எந்திரம், நடுவில் கைமாற்றும் எந்திரம் மூன்றும் அந்த எழுத்தை ஏற்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் கடிதம் நின்றுவிடும். எல்லாம் ஒத்துழைக்கும் நாள் வரட்டும். அன்றைக்கு "ழ" தகராறு தீரும். ஆனால் இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற கேள்வி அப்போதும் இருக்கும். அப்போதும் ஆளைக் கேட்கத்தான் வேண்டும்.

தங்கையின் விலாசம் என்ன ஆயிற்று?

நான் கேட்டு வந்ததை எல்லாம் தங்கையிடம் சொன்னேன். மறுநாள் ஆபீசில் போய்ச் சொன்னாள். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பையன் நல்லவன். பேரேட்டைத் திறந்தான். இரண்டு கட்டங்களையும் மாற்றிப் போட்டான். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

இப்போது "செல்வி" முன்னால் நிற்கிறது. "அன்புள்ள செல்வி" என்று கடிதம் வருகிறது.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார்கள்: "ஏம்மா, அப்பா பேரை எடுத்துட்டாங்களா?"

"இல்லை அம்மா. பின்னால் இருக்கிறது. பழைய விலாசத்தையும் அழிக்கவில்லை. அதுக்கு யாராவது எழுதினாலும் எனக்குத்தான் வரும்" என்றாள் தங்கை.

அம்மா தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள்.

ஐந்து நிமிஷ வேலை! அதைச் செய்வதற்கு, "இது என் பெயர் அல்ல" என்று ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தெரியாமல் எத்தனை பேர் அடுத்தவர் பெயரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்களோ!

எந்திரம் பெயரை எழுதட்டும். ஆனால் என்ன எழுத வேண்டும் என்று, பெயருக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதட்டும்.